சுருக்குன்னுதா?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் எங்கள் லைனில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடந்ததில் பாதிதான் தெரியும். எங்களுக்கு அவர் ஆன்ட்டி. அடுத்த வீடு, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம். நாங்கள் ஆணி அடித்தால் அவர் வீட்டு மாதா படம் ஆடும். அவர் இருமினால் எங்களுக்குத் தூக்கம் போகும். அப்படிப்பட்ட சுவர்.

யார் வீட்டு ஜன்னலில் நின்றாலும் ஆன்ட்டி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "மிசின் போட்டியா? தொட்டா சுருக்குன்னுதா?" சாப்பிட்டியா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா, எல்லாம் அதற்கப்புறம். வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம் எந்த வீட்டிலிருந்து கேட்டாலும் அவர் காது அங்கே போய்விடும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போய்விடுவார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் முதல் வாரம் பயந்துபோவார்கள். "கரண்ட் ஆன்ட்டி, ஒண்ணும் செய்யாது, பதில் சொல்லிடு, போயிடும்" என்று மாமியார்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

மாரிகுப்பத்தில் எங்கள் லைனில் பத்து வீடுகள். கோலார் தங்கச் சுரங்கம் ஓடின காலத்தில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியவை. பின்பக்கம் பத்து வீட்டுக்கும் பொதுவாக ஓர் இரும்புக் குழாய் சுவரை ஒட்டியே ஓடும். வீட்டுக்கு ஒரு குழாயடி.

எங்கள் குழாயடியில்தான் அப்பா செத்தார். முப்பது வருஷம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கி, பொழுதுக்கு முழு ஆளாக மேலே வந்த மனுஷன். அவரோடு வேலை செய்தவர்களில் பாறை விழுந்து போனவர்கள் உண்டு, நுரையீரல் கெட்டுப் போனவர்கள் உண்டு. அப்பாவுக்கு ஒரு விரல் நகம்கூடப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் முகம் கழுவக் குழாயைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றுவிட்டார். அம்மா பார்த்துவிட்டு உள்ளே ஓடி மெயினை அணைத்தாள். திரும்பி வந்தபோது அப்பா தரையில் கிடந்தார்.

தம்பி அப்போதுதான் வயரிங் வேலை பழகி, சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்திருந்தான். அப்பா சாவதற்கு ஒரு மாதம் முன்புதான் அம்மாவுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்து, அவனே எர்த் கம்பியைக் குழாயில் கட்டியிருந்தான். லைனில் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். அப்பாவை எரித்துவிட்டு வந்த மறுநாள் யாரோ ஒரு வயர்மேனைக் கூட்டி வந்தார்கள். அவர் குழாயைப் பார்த்தார், அதில் சுற்றியிருந்த எங்கள் வீட்டுக் கம்பியைப் பார்த்தார், "இதுதாங்க" என்றார். அம்மாவுக்கு அது போதும். மெயினை அணைத்தேன், விழுந்தார், அப்படியானால் எங்கள் வீட்டுக் கரண்ட்தான். கணக்கு சரியாக வந்தது.

"நீ கட்டின கம்பிடா" என்றாள் எல்லோர் முன்னாலும். "அப்பனைக் கொன்னுட்டு இன்னா மூஞ்ச வச்சிக்கினு நிக்கிற?"

தம்பி பதினாறாம் நாள் முடிந்து மறுநாள் காலை வண்டியில் பெங்களூர் போனவன்தான். கம்பியைத் தொடுகிற வேலையையே விட்டுவிட்டு ஒரு குடோனில் சேர்ந்துகொண்டான். அம்மா கூப்பிடவில்லை, அவன் வரவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி, அம்மா கண் மூடுவதற்குள் அவன் இந்த வாசலை மிதிப்பானா என்பதுதான்.

ஆன்ட்டி அதுவரை எல்லோரையும் போல ஒரு மனுஷி. சர்ச்சுக்குப் போவார், சீரியல் பார்ப்பார், படுத்த படுக்கையாக இருந்த அங்கிளுக்கு மருந்து கொடுப்பார். அங்கிளும் சுரங்கத்தில் இருந்தவர்தான், தூசி அவர் மார்புக்குள் தங்கிவிட்டது. அப்பா போன மாதத்திலிருந்து ஆன்ட்டிக்கு மெஷின் பித்து பிடித்தது. ராபர்ட்சன்பேட்டையில் மெஷின் ரிப்பேர் செய்கிற ஒரு கடையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாராம். வேலை கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருப்பாராம். முதல் வாரம் கடைக்காரர் விரட்டியிருக்கிறார். இரண்டாவது வாரம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது வாரம் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்து "பிடிங்கம்மா" என்றிருக்கிறார்.

அப்புறம் எங்கள் லைனில் யாருடைய மெஷினும் சும்மா கெட்டுப்போக முடியவில்லை. ஆன்ட்டி வந்துவிடுவார். கையில் ஒரு துணிப்பை. அதில் டெஸ்டர், டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், கழற்றின ஸ்க்ரூவை வைக்க ஒரு தலையணை உறை, இவற்றோடு ஒரு ஜெபமாலை. எங்கே வந்தாலும் நேராக மெஷினிடம் போக மாட்டார். பின்பக்கம் போய் முதலில் குழாயில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். எதற்குக் குழாயில் என்று ஒருநாள் கேட்டேன். "பழக்கம்" என்றார்.

மெஷினிடம் வந்தால் அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. "பிளக்கை பிடுங்கு. பேச்சு அப்புறம்." சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும். அடுத்து தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். கை ஈரமாக இருந்தால் போய்த் துடைத்துவிட்டு வா என்பார். இதெல்லாம் முடிகிற வரைக்கும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் கீழே இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, தட்டு வைத்து, மெதுவாகத் திருகி வடிகட்டியை எடுப்பார். அதிலிருந்து புடவைப் பின், பித்தான், சாக்ஸ், ஒருதரம் அங்கன்வாடி டீச்சர் மூன்று நாளாகத் தேடிய மூக்குத்தி. தண்ணீர் உள்ளே வரவில்லை என்றால் பின்னால் பைப் மாட்டுகிற இடத்தில் ஒரு சல்லடை இருக்கும், அதைத் தேய்த்துக் கொடுப்பார். எங்கள் ஊரில் அந்தச் சல்லடைதான் அடிக்கடி அடைக்கும். காற்று காலத்தில், சுரங்கக் கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து மாவு மாதிரி மண் கிளம்பி ஊர் முழுக்க இறங்கும். தங்கத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு விட்டுப் போன மண் அது. மொட்டை மாடித் தொட்டி, துவைத்த துணி, கண்ணிமை, எதையும் விடாது.

"மெயின் போர்டு, மோட்டார், கெபாசிட்டர், இதையெல்லாம் நான் தொடமாட்டேன்" என்பார். "பிளக்கை பிடுங்கினாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். அதுக்குப் படிச்சவன் வரணும். எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்." எனக்குத் தெரிந்து எல்லை தெரிந்த ஒரே மெக்கானிக் அவர்தான். மற்றவர்கள் திறந்துபோட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்பார்கள்.

ஏழாவது வீட்டில் பேய் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். புது மெஷின் வாங்கினார்கள். துணியைப் போட்டதும் முதலில் நல்ல பிள்ளையாக ஓடியது. பிழிகிற நேரம் வந்ததும் தடதடவென்று குதித்து, பாத்ரூமிலிருந்து நடந்து, வாசற்படிவரை வந்து நின்றது. மூன்று நாளும் அப்படியே. அந்த வீட்டுப் பெரியவர் சுரங்கத்துச் சாஃப்ட் குழியில் விழுந்து இறந்துபோனவர் என்பதால், அவர்தான் வீட்டை விட்டு வெளியே வரப் பார்க்கிறார் என்று முடிவாகிவிட்டது. எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பாதிரியாரையும் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்க வைத்தார்கள்.

ஆன்ட்டி போய்ப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கக் கம்பெனியில் முடுக்கி அனுப்புகிற நாலு போல்ட்டும் அப்படியே இருந்தன. கழற்றித் தலையணை உறையில் போட்டார். மெஷின் தலையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அது ஒரு பக்கம் சாயாமல் நிற்கிற வரைக்கும் காலைத் திருகிச் சமம் செய்தார். "உங்க மாமனாரு நிம்மதியா கீறாரு. அவர வம்புக்கு இழுக்காதீங்க" என்றார். லைனே சிரித்தது. ஆன்ட்டி சிரிக்கவில்லை. போகிற போக்கில் மறுபடி ஒருமுறை அந்த வீட்டுக் குழாயில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எங்களுக்கு அவர் செய்தது இன்னும் பெரிது. அப்பாவின் காரியம் முடிந்த இரண்டாம் வாரமே கடப்பாரையை எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலில் குழி தோண்ட ஆரம்பித்தார். பாறை மண், கை பொத்துப் போனது. கரியும் உப்பும் கொட்டி, குழாய் நட்டு, வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி எர்த் போட வைத்தார். கசிவு இருந்தால் தானே விழுந்துவிடுகிற சுவிட்சையும் மாட்ட வைத்தார். அப்புறம் அவர் வீடு, அடுத்த வீடு என்று பத்து வீட்டுக்கும் குழி. குழாயில் சுற்றியிருந்த ஒவ்வொரு கம்பியையும் தானே கூட நின்று வெட்ட வைத்தார்.

அந்தக் குழாயைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய காலத்தில் அது மண்ணுக்குள்ளேயே வெகுதூரம் போன இரும்புக் குழாய். அதில் எர்த் கட்டினால் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம் அது, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அப்பா சாவதற்கு முந்தின வருஷம் ரோட்டிலிருந்து வருகிற துண்டைப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். எங்கள் இரும்புக் குழாய் மண்ணோடு தொடர்பு அறுந்து சுவரில் தொங்குகிற பொருளாகிவிட்டது, கசிகிற கரண்ட் அதிலேயே நிற்கும். தண்ணீர் வந்ததால் நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் போட்ட எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஜனம் நாங்கள்.

ஒரு வருஷம் கழித்து, மூலையில் போர்வை போர்த்திக் கிடந்த எங்கள் மெஷினையும் ஆன்ட்டிதான் எடுத்தார். அம்மாவுக்குக் கை மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. எனக்கோ வேலைக்கு விடியற்காலை பெங்களூர் வண்டி பிடித்தால் இருட்டித்தான் வீடு. அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "அண்ணி, இந்த மிசின்ல ஒரு கோளாறும் இல்ல. அன்னிக்கும் இருந்திருக்காது."

"ஆறின புண்ணைக் கிளறாத" என்றாள் அம்மா.

அடுத்த மாதமும் சொன்னார். தீபாவளிக்குச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குக் கல்கல்ஸ் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு அதையே சொன்னார். "நல்ல மிசின் அண்ணி. உம் பையன் சரியாத்தான் பார்த்து வாங்கியிருக்கான்." மெஷினைப் புகழ்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் மரமண்டைக்கு அதற்கு மேல் எட்டவில்லை.

நான் தம்பியை மாதம் ஒருமுறை பெங்களூர் ஸ்டேஷனில் பார்ப்பேன். அம்மாவுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தாள். ஆன்ட்டிக்குத் தெரியும். நான் வண்டியிலிருந்து இறங்கி வருகிற வழியில் நிற்பார். "பார்த்தியா? எளச்சானா? வரேன்னு சொன்னானா?" பெற்றவளை விட அதிகமாகக் கேட்டவர் அவர்தான். வரவில்லை என்று நான் சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். இவ்வளவு பாசமா என்று நினைத்திருக்கிறேன். கொஞ்சம் பயந்தும் இருக்கிறேன்.

பயந்ததற்குக் காரணம் உண்டு. மூன்றாவது வீட்டுக்கு ஆம்பூரிலிருந்து ஒரு மருமகள் வந்திருந்தாள். ஒருநாள் ஆன்ட்டி வழக்கம்போல ஜன்னலில் நின்று, "சுருக்குன்னுதா?" என்றார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"லேசா கீது ஆன்ட்டி. செருப்பு போட்டுக்கினா ஒண்ணும் தெரியல" என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே.

ஆன்ட்டி உள்ளே போன வேகத்தை இப்போதும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பெண்ணின் காலிலிருந்து செருப்பை இழுத்து எடுத்து வாசலுக்கு வீசினார். "எத்தினி நாளா? சொல்லுடி, எத்தினி நாளா?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் அழுதுவிட்டாள். நாலு நாளாக என்றாள். மண்ணுக்குள் போட்ட எர்த் கம்பியை வீட்டில் வெள்ளையடித்தவர்கள் கழற்றிவிட்டிருந்தார்கள், தானே விழுகிற சுவிட்சையும் நேராகக் கம்பி கொடுத்துத் தாண்டிவிட்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைத்த பிறகு ஆன்ட்டி பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "செருப்பு உன்னைத்தான்டி காப்பாத்தும். மத்தவங்கள இன்னா பண்ணும்?" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் அப்புறம் அவரை உள்ளே விடவில்லை. அவர் ஜன்னலில் நின்று கேட்பதையும் விடவில்லை.

பதினோராவது வருஷம் அம்மா விழுந்தாள். கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, இதயம் பலவீனமாக இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். அங்கிள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். ஆன்ட்டிதான் அம்மாவுக்குக் கஞ்சி வைத்து, முதுகு துடைத்து, நான் வேலையிலிருந்து வருகிறவரை கூட இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஆன்ட்டி கால் மாட்டில். தம்பிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "நான் போனா அவன் கொள்ளி வைக்கக் கூடாது. உங்க பெரியப்பன் பையனைக் கூப்பிடு. அவன் கை என் மேல படக் கூடாது."

எனக்கு அழுகை வந்தது. ஆன்ட்டி எழுந்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் மண்டி போட்டார்.

"அண்ணி, அவன் கம்பியால இல்ல. என் மிசின்."

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"ஈஸ்டருக்கு சர்ச்சுல பாடற கொயர் பிள்ளைங்க அங்கிய நான் துவைக்கிறேன்னு ஒத்துக்கினு இருந்தேன். எல்லாம் வெள்ளை. பத்து நாளாவே மிசினைத் தொட்டா சுருக்குன்னுது. செருப்பு போட்டுக்கினா தெரியல. உம் பையன்கிட்ட சொன்னா மிசினை நிறுத்திடுவான். ஈஸ்டர் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்." மூச்சு வாங்கினார். "அன்னிக்குக் காலைல மிசின் ஓடிக்கினு இருந்துது. சுவத்துக்கு மேல அண்ணன் தலை தெரிஞ்சுது. அவர் நின்ன நெலையப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சிபோச்சு அண்ணி. நான் அவராண்ட ஓடல. உள்ள ஓடி என் சுவிட்சை அணைச்சேன். அணைச்ச ஒடனே பின்னால பொத்துனு சத்தம். நீ மெயினை இழுக்கிற சத்தம் அதுக்கு அப்பறம்தான் சுவத்துல கேட்டுது."

அம்மா கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். அப்புறம், "நான் அணைக்கறதுக்கு முன்னாடியே விழுந்துட்டாரா?" என்றாள்.

"ஆமா அண்ணி."

எனக்குத் தலைக்குள் ஏதோ ஏறியது. பதினோரு வருஷம். தம்பி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா எப்படி கீது என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பதினோரு வருஷம். "ஏன் சொல்லல? ஏன் சொல்லல நீங்க?" என்று கத்தினேன். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். சத்தியமாக ஓங்கினேன்.

அவர் தடுக்கவில்லை. "பிள்ளைங்க சின்னதுங்க, அங்கிள் படுக்கையில கிடந்தாரு. போலீசு வந்தா அவர யார் பார்ப்பாங்கன்னு பயம். அவர் போனப்பறம் அந்த பயமும் இல்ல கண்ணு. நாள் ஏற ஏற வாய் வரல. சாமியாருகிட்ட வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கினுதான் இருந்தேன். ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அதைக் கேட்டதும் என் கை கீழே இறங்கியது. மன்னித்துவிட்டதால் அல்ல. இவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"போன் போடு" என்றாள் அம்மா. போட்டேன். தம்பி எடுத்ததும் அம்மா போனை வாங்கி ஆன்ட்டியிடம் நீட்டினாள். "என்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லு." ஆன்ட்டி சொன்னார், ஒரு வார்த்தை விடாமல், மண்டி போட்டபடியே. ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் குடோன் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆன்ட்டி" என்றான் கடைசியில். "உங்க வீட்டு எர்த்தும் குழாயில நான்தான் கட்டினேன். ஞாபகம் கீதா?"

"கீதுப்பா."

"அப்ப இன்னா மாறிச்சு?"

"நீ தெரியாம கட்டின. நான் தெரிஞ்சி சொல்லாம இருந்தேன்" என்றார் ஆன்ட்டி. "சுருக்குன்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே நீ வந்து பார்த்திருப்ப. உங்கப்பா இருந்திருப்பாரு. அதான் மாறிச்சு."

அவன் போனை வைத்துவிட்டான். அம்மா ஆன்ட்டியைப் பார்த்து, "உன் வீட்டுக்குப் போ" என்றாள். ஆன்ட்டி போனார். அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. கஞ்சியை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போவார். முதல் இரண்டு நாள் அதை நான் கொட்டினேன். மூன்றாவது நாள் அம்மா, "கொண்டா, பசிக்குது" என்றாள்.

ஆன்ட்டி செத்துப்போய் இப்போது நாலு வருஷம் ஆகிறது. எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் யார் வீட்டிலாவது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால், ஜன்னலில் அவர் நிற்கிறாரா என்று தலை தானாகத் திரும்புகிறது. ஜன்னல் காலியாக இருப்பதைப் பார்த்ததும் அழுகை வருகிறது. இரண்டும் ஒரே மனசில்தான் இருக்கிறது.

அந்த போன் போட்டதற்கு அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். மத்தியான வண்டி. லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. தலையில் பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. வாசலில் நின்றவனை அம்மா கட்டிலிலிருந்தே பார்த்தாள்.

"இன்னாடா நிக்கிற? உள்ள வா. சோறு ஆறுது" என்றாள்.

அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சிடு என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவன் இரண்டாம் சோறு போட்டுக்கொண்டபோது, "நான் போனா நீதான்டா வைக்கணும். ஊரு கீரு சுத்தாம பக்கத்துல இரு" என்றாள். அவன் தலையை ஆட்டினான். நான் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

சாப்பிட்டு எழுந்து, எச்சில் கையோடு பின்வாசலுக்குப் போனான். நானும் பின்னால் போனேன். குழாயடிக்கு ஒரு எட்டு தூரத்தில் நின்றுவிட்டான். கையை நீட்டினான், மடக்கினான், மறுபடி நீட்டினான். நெற்றியெல்லாம் வியர்வை. மக்கில் மொண்டு தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆன்ட்டி சுற்றிக்கொண்டு வந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாரோ. யாரையும் பார்க்கவில்லை. பையும் இல்லை, டெஸ்டரும் இல்லை. அப்போதுதான் துணி அலசியிருப்பார் போல, கை சொட்டச் சொட்ட ஈரம். பதினோரு வருஷமாக எல்லோரையும் கை துடைத்துவிட்டு வா என்று விரட்டியவர், அந்த ஈரக்கையாலேயே குழாயைப் பிடித்துத் திருகினார். தண்ணீர் கொட்டியது.

"ஒண்ணுமில்ல. கழுவுப்பா" என்றார்.

தம்பி குனிந்து கழுவினான். முகத்தையும் கழுவினான், ரொம்ப நேரம் கழுவினான். கழுவி முடித்து உள்ளே போய்விட்டான். ஆன்ட்டி குழாயை விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, குழாயில் கரண்ட் இல்லை, அவர்தான் அன்றைக்கு அப்பா நின்ற மாதிரி பிடித்தபடியே நின்றார். நான்தான் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் குழாயிலிருந்து எடுத்துவிட்டேன்.